விசிலுக்கு வேண்டிய மூச்சு

ஐந்தருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம், சீசன் நாட்களில் ஒரு விசில் சத்தம் தனியாகக் கேட்கும். மற்ற விசில்கள் தண்ணீர் இரைச்சலில் அமுங்கிப் போய்விடும். இது மட்டும், பாறைக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கண்ணை மூடி நிற்பவளின் காதுக்குள்ளும் போய்ச் சேரும். நீளமாக ஒன்று அடித்தால், 'போதும் தாயி, அடுத்த ஆளுக்கு இடம் விடு' என்று அர்த்தம். குட்டையாக இரண்டு அடித்தால், 'கம்பியைத் தாண்டாதே.' சென்னையிலிருந்து வந்தவளும் புனலூரிலிருந்து வந்தவளும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே விலகிவிடுவார்கள்.

ஊதுகிறவள் பெயர் குழல்வாய்மொழி. வயது நாற்பத்தாறு. தென்காசிக்குப் பக்கம் மேலகரத்தில் வீடு. ஊர்க்காவல் படையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாள். டூட்டி இல்லாத நாட்களில் வீட்டில் பிளவுஸ் தைப்பாள். காக்கிச் சட்டையின் இடது பையில் விசில், வலது பையில் இன்ஹேலர். ஏழு வயதிலிருந்து அவளுக்கு இளைப்பு உண்டு.

விசில் ஊதுகிற வேலைக்கு இளைப்புக்காரியா என்று கேட்காதவர்கள் கிடையாது. அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். ஒருமுறை அவசரத்தில் பை மாறிப்போய், வரிசையில் முண்டிய ஒரு பெண்ணைப் பார்த்து இன்ஹேலரை வாயில் வைத்து முறைத்துவிட்டாள். சத்தமே வரவில்லை. ஆனாலும் அந்தப் பெண் பயந்துபோய்ப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சின்ன வயதில் இதெல்லாம் சிரிக்கிற விஷயமாக இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'ஆர்மோனியப் பெட்டி' என்று பட்டப்பெயர். விளையாட்டுப் பீரியடில் மற்றவர்கள் ஓடுவார்கள். இவள் அவர்களுடைய செருப்புக்குக் காவல் இருப்பாள். கல்லூரி முதல் வருடத்தில் ஒரு டாக்டர் நீல நிற இன்ஹேலர் கொடுத்தார். இரண்டு தடவை உறிஞ்சினால் பத்து நிமிடத்தில் நெஞ்சு திறந்துகொள்ளும். அவளுக்கு அது மந்திரம் மாதிரி இருந்தது. அம்மாவுக்கு மட்டும் அதைக் கண்டாலே ஆகாது. "இது பழகிட்டா விடாதுட்டி. ஒருத்தன் கண்ணுல பட்டா உன்னய யாரு கட்டுவா?" என்பாள். பெண் பார்க்க வந்த அன்று அம்மா அதை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள்.

மாப்பிள்ளை மகாதேவன், தபால் ஆபீசில் வேலை. அவனுக்குக் காப்பி கொண்டுபோன இவள் தட்டை நீட்டும்போதே மெதுவாகச் சொல்லிவிட்டாள்: "எனக்கு வீசிங் உண்டு. மருந்து எடுக்கேன். வீட்டுல சொல்லியிருக்க மாட்டாவ."

மகாதேவன் காப்பியை எடுத்துக்கொண்டு, அதே குரலில் சொன்னான்: "எனக்குக் குறட்டை உண்டு. எங்க வீட்டுலயும் சொல்லியிருக்க மாட்டாவ. ரெண்டு பேரு சத்தமும் சேந்தா திருடன் எட்டிப் பாக்க மாட்டான்."

தட்டோடு உள்ளே போனவள் அடுப்படியில் நின்று சிரித்த சிரிப்பில் இளைப்பு வந்துவிட்டது. அரிசிப் பானையைத் துழாவி இன்ஹேலரை எடுக்கவேண்டியதாயிற்று. கல்யாணம் அடுத்த தை மாதம் நடந்தது.

மகள் உமா மகேஸ்வரி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, ஊர்க்காவல் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மகாதேவன்தான் விண்ணப்பம் வாங்கிவந்தான். ஓட்டப் பரீட்சை அன்று மைதானத்து வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நீல மருந்தை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு ஓடினாள். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள். அதுவே போதுமாயிருந்தது. முதல் சீசனிலேயே ஐந்தருவியில் போட்டார்கள். விசிலை வாயில் வைத்தபோது, இளைப்புக்காரிக்கு இத்தனை வருடம் மூச்சைச் சேர்த்துச் சேர்த்து விட்டே பழக்கம் என்பதாலோ என்னவோ, சத்தம் அப்படி வந்தது.

அருவிக்குப் போகிற வழியில் துண்டும் எண்ணெயும் சீயக்காயும் விற்கிற ஹைருன் பீவி அங்கேதான் பழக்கமானாள். ஐம்பத்தைந்து வயது. அவளுக்கும் இதே நோய். இவள் நீல மருந்தை இழுப்பதைப் பார்த்த முதல் நாளே கேட்டாள்: "ஏ புள்ள, உனக்கும் இதா? தெனமும் போடுத மருந்து எங்க?"

"வரும்போது மட்டுந்தான் எடுப்பேங்க்கா. சும்மா இருக்கும்போது எதுக்கு?"

"நான் காலைல ஒண்ணு, சாயங்காலம் மகுரிபு தொழுகைக்குப் பொறவு ஒண்ணு. ஒரு நாளு விடமாட்டேன். நோம்பு வந்தாலும் விடியுமுன்ன சகருக்கு ஒண்ணு, நோம்பு தொறந்து ஒண்ணு."

குழல்வாய்மொழிக்கு அது பாவமாகத் தோன்றியது. ஹைருன் பீவிக்கு இவள் பாவமாகத் தோன்றினாள். இப்படியே பல சீசன்கள் போயின. வாரத்துக்கு ஒரு நாள் எடுத்த நீல மருந்து, வாரத்துக்கு ஐந்து நாள் ஆனதை மட்டும் குழல்வாய்மொழி யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து சாரல். மத்தியானம் இரண்டு மணிக்கு அருவிக்கு அடியில் அறுபது பெண்களாவது இருப்பார்கள். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் லேசாக டீ நிறத்துக்கு மாறியதைக் குழல்வாய்மொழிதான் முதலில் பார்த்தாள். கூடவே இரண்டு மூன்று சுள்ளிகள் விழுந்தன. அவ்வளவுதான். விசிலை எடுத்து ஊதத் தொடங்கியவள் நிறுத்தவே இல்லை. பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படிக்கு ஓடினார்கள். ஒரே ஒரு அம்மாள் மட்டும் அசையவில்லை. "தலையில எண்ணெ இன்னும் போகலம்மா, ரெண்டு நிமிசம்" என்றாள். குழல்வாய்மொழி இறங்கிப் போய் அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக் கொண்டுவந்தாள். படியில் ஏற்றி, வழியை மறிக்கிற சங்கிலியைப் போட்டுத் திரும்பினால், மலையே உருண்டு வருவது போலச் செந்தண்ணீர் கம்பிக்கு மேலே வந்து விழுந்தது. ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தன் நெஞ்சு ஞாபகம் வந்தது. காற்று உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. வலது பையிலிருந்து நீல மருந்தை எடுத்து அழுத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது. காலி. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹைருன் பீவி வந்தாள். அவள் பெட்டியிலும் அவசரத்துக்கு ஒரு நீல மருந்து உண்டு. அதைக் குழல்வாய்மொழியின் வாயில் வைத்து, "இழு புள்ள, மெதுவா, இன்னொரு தடவ" என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். கடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் தானும் ஏறிக்கொண்டாள். தென்காசி பெரிய ஆஸ்பத்திரி வரும்வரை, "பேசாத. பேசுனா அடிப்பேன்" என்று அவள்தான் பேசிக்கொண்டே வந்தாள்.

நெபுலைசர் வைத்து, ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, ஆறு மணி வாக்கில் மூச்சு சீரானது. டாக்டர் ஜெபமலர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

"அம்மா, நீல மருந்து சுருங்கின மூச்சுக்குழாயை விரிச்சுவிடும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். உள்ள இருக்க வீக்கத்தை அது தொடாது. நீங்க இத்தனை வருசமா வீக்கத்தை அப்படியே வச்சுக்கிட்டு வாசலை மட்டும் திறந்து திறந்து விட்டிருக்கீங்க. வீக்கத்தை வத்தவைக்கதுக்கு வேற மருந்து இருக்கு. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. எடுத்ததும் வாய் கொப்பளிக்கணும்."

"தெனமுமா?"

"தினமும்."

பக்கத்தில் நின்ற ஹைருன் பீவியின் முகத்தில், நெருங்கின சொந்தக்காரி கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்தவளின் திருப்தி.

மகாதேவன் காலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு டிக் போட ஆரம்பித்தான். இரண்டு மாதம் குழல்வாய்மொழி ஒழுங்காக எடுத்தாள். அதற்குள் உடம்பு அவளுக்கே நம்ப முடியாதபடி லேசாகிவிட்டது. மாடிப்படி ஏறினால் இரைப்பில்லை. தையல் மெஷினில் குனிந்து எழுந்தால் இருமல் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறோம், இனி எதற்கு என்று தோன்றியது. ஆனால் மகாதேவனிடம் சொல்ல மனம் வரவில்லை. அவன் டிக் போடுவதில் அவ்வளவு ஆசையாக இருந்தான். இன்ஹேலரில் மிச்சம் எத்தனை என்று காட்டுகிற எண் வேறு இருந்தது. அதையும் அவன் பார்ப்பான். ஆகவே குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, காலையும் இரவும் சுவரைப் பார்த்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு, சத்தமாக வாய் கொப்பளித்துவிட்டு வருவாள். எண் சரியாகக் குறைந்தது. டிக் சரியாக விழுந்தது.

ஜனவரியில் மறுபடி டாக்டரிடம் போனார்கள். ஜெபமலர், மூச்சின் வேகத்தை முள் நகர்ந்து காட்டுகிற ஒரு குழாயைக் கொடுத்து முழு மூச்சோடு ஊதச் சொன்னார். முள் போகவேண்டிய இடத்துக்குப் பாதி வழியில் நின்றுவிட்டது. காலண்டரையும் எண்ணையும் மகாதேவன் பெருமையோடு காட்டினான்.

"எண்ணெல்லாம் சரியா இருக்கே" என்ற டாக்டர், "அம்மா, என் முன்னால ஒரு தடவை எடுங்க" என்றார்.

குழல்வாய்மொழி இன்ஹேலரைக் கையில் எடுத்தாள். நான்கு மாதப் பழக்கம் சும்மா விடுமா? கை தானாகச் சுவரைப் பார்த்து நீண்டுவிட்டது.

ஜெபமலர் அந்தச் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்க வீட்டுச் சுவருக்கு இனி ஆஸ்துமாவே வராது."

முதலில் சிரித்தது மகாதேவன்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏட்டி, அப்ப எனக்காகவா அந்தக் கொப்புளிப்புக் கொப்புளிச்ச? பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்படியா?" குழல்வாய்மொழிக்கு வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் கேட்டார்: "ஏன்மா?"

அவள் இன்ஹேலரை மேஜையில் வைத்தாள். "நல்லாருக்க அன்னைக்கும் அத எடுக்கும்போது, நீ நோயாளிதான்னு தெனம் ரெண்டு வாட்டி யாரோ சொல்லுத மாதிரி இருக்கு டாக்டர். சின்னதுலருந்து கேட்டதுதான். இன்னும் எதுக்குக் கேக்கணும்?"

ஜெபமலர் திட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம். வழி ஒண்ணு மட்டும் இல்ல. குழாயை விரிக்க மருந்தும் வீக்கத்தை வத்தவைக்க மருந்தும் சேந்து ஒரே இன்ஹேலர்ல வருது. ஆஸ்துமா லேசா இருக்கவங்க அதை இளைப்பு தெரியும்போது மட்டும் எடுத்தாலும், பெரிய இளைப்பு வராமத் தடுக்கதுல, தினமும் எடுக்கதுக்குக் கிட்டத்தட்டச் சமமா வேலை செய்யுதுன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. மொத்தத்துல மருந்தும் குறைச்சல். அன்னாடச் சுகம் மட்டும் தினமும் எடுக்கவங்களுக்குக் கொஞ்சம் கூட இருக்கு. ஆனா உங்களுக்கு இன்னைக்கே அது முடியாது. ஆஸ்பத்திரில படுத்து ஆறு மாசந்தான் ஆகுது. முதல்ல இந்தப் புது மருந்தை மூணு மாசம் தினமும், நெசமாவே, வாய்க்குள்ள எடுங்க. முள் நல்ல இடத்துக்கு வந்தா, தேவைப்படும்போது மட்டும்னு மாத்தலாம். சீசன் நாலு மாசம் சாரல்ல நிக்கீங்க, அப்ப திரும்பத் தினமும். சம்மதமா?"

"நீல மருந்து?"

"அதை மட்டும் வச்சுக்கிட்டு காலம் ஓட்டுத கதை முடிஞ்சு போச்சு."

நோயாளிக்கு முன்னால் கணக்கை எடுத்து வைத்து, சம்மதமா என்று ஒரு டாக்டர் கேட்டது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வருகிற வழியில் மகாதேவன், "காலண்டர கழட்டிரட்டுமா?" என்று கேட்டான். "இருக்கட்டும் அத்தான். இனி நானே போடுதேன்" என்றாள். மூன்று மாதம் போட்டாள். ஏப்ரலில் குழாயை ஊதியபோது முள் பச்சைக் கோட்டைத் தாண்டிப் போனது. சீசன் நெருங்கிவிட்டதால், நிறுத்தாமல் அந்த சீசனையும் தினப்படி மருந்தோடு முடித்தாள். ஒரு நாளும் டூட்டிக்கு லீவு சொல்லவில்லை. அக்டோபரில் டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: இளைப்பு தெரிந்தால் எடுக்கவேண்டும், ஒரு நாளில் இத்தனைக்கு மேல் தேவைப்பட்டால் நேராக ஆஸ்பத்திரிக்கு. அன்றிலிருந்து தேவைப்பட்டால் மட்டும்.

இதை ஐந்தருவிக்குப் போய் ஹைருன் பீவியிடம் சொன்னதுதான் தப்பாயிற்று.

"அப்ப நான் மட்டும் என்ன கேனச்சியா? பன்னெண்டு வருசமா ரெண்டு நேரமும் மொற தவறாம எடுக்கேன். நீ செவத்துக்கு மருந்து அடிச்சவ. உனக்குத் தோணும்போது எடுத்தாப் போதுமாம்!" என்று துண்டுகளை உதறி உதறி மடித்தாள். அன்றைக்கு முழுக்க இவளோடு பேசவில்லை.

அடுத்த வாரம் குழல்வாய்மொழி அந்தப் பக்கம் போனபோது, ஹைருன் பீவி வழக்கம்போலக் கூவிக்கொண்டிருந்தாள். "துண்டு... எண்ணெ... சீயக்கா..." என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு. எப்போதும் மூன்றையும் ஒரே வீச்சில் கூவி, அதன் வாலில் 'வாங்கம்மா'வையும் சேர்க்கிற ஆள் அவள். ஆர்மோனியப் பெட்டி என்று பெயர் வாங்கினவளுக்கா அது தெரியாது?

"அக்கா, மருந்த நிறுத்திட்டியளா?"

"இல்லியே."

"எத்தன நாளாச்சு?"

ஹைருன் பீவி முந்தானையைச் சரிசெய்தாள். "ஆறு நாளு. உனக்கு ஆவுதுல்லா, எனக்கும் ஆவும்னு பாத்தேன்."

"பேசாத. பேசுனா அடிப்பேன்" என்று குழல்வாய்மொழி ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஜெபமலர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். குழாயில் ஊதவைத்தார். பழைய சீட்டுகளையெல்லாம் பார்த்தார். பிறகு சொன்னார்: "அம்மா, இவங்க வழி வேற, உங்க வழி வேற. இவங்களுக்கு இப்ப இருக்கது லேசு. உங்களுக்கு அப்படி இல்ல. நீங்க தினமும் எடுக்கதாலதான் இவ்வளவு நல்லா இருக்கீங்க. பன்னிரண்டு வருசம் ஒரு வேளை விடாம எடுத்த ஒரு ஆளை நான் இதுவரை பாத்ததில்ல. தயவுசெஞ்சு விட்டுராதீங்க."

ஹைருன் பீவி மெதுவாகத் தலையைத் திருப்பிக் குழல்வாய்மொழியைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டியா? பாத்ததில்லியாம்."

"கேட்டேங்க்கா."

"செவரு கிவருன்னு இங்க கதையே கெடையாது."

வெளியே வந்ததும் இருவரும் டீ குடித்தார்கள். ஹைருன் பீவி அந்த வாக்கியத்தை டீக்கடைக்காரரிடம் ஒருமுறை, ஆட்டோக்காரரிடம் ஒருமுறை சொன்னாள். இரண்டு நாளில் அவள் குரல் பழையபடி திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு ஐந்தருவியில் யாராவது இருமினால் இருவரும் சேர்ந்தே போய் விசாரிப்பார்கள். 'தெனமும் எடு' என்று ஒருத்தியும், 'டாக்டர்ட்ட கேட்டு எடு' என்று மற்றவளும் சொல்ல, வந்தவள் குழம்பிப்போய் டாக்டரிடமே போய்விடுவாள். அதுதான் சரியும்கூட.

போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மகாதேவனும் குழல்வாய்மொழியும் பண்பொழித் திருமலைக் கோயிலுக்குப் போனார்கள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறார்கள். எல்லாம் வண்டிப் பாதையில்தான். அன்றைக்கு அடிவாரத்தில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, "படி வழியாப் போவோம் அத்தான்" என்றாள்.

"அறுநூறு படிக்கு மேல இருக்குட்டி."

"இருக்கட்டுமே."

முதல் நூறு படி அவன் முன்னால் போனான். இருநூறில் இருவரும் சேர்ந்து போனார்கள். பாதி வழி மண்டபத்தில் அவளுக்கு நெஞ்சில் லேசாக ஒரு பிடிப்புத் தெரிந்தது. சுற்றிலும் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, எல்லோரும் பார்க்க ஒரு இழுப்பு இழுத்தாள். பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்துவைத்து விட்டாள். ஓரமாகப் போய் வாய் கொப்பளித்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள், "இளைப்பாம்மா?" என்று கேட்டாள். "ஆமா ஆச்சி. நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து நடந்தாள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது கீழே வயல்கள் பச்சையாகக் கிடந்தன. மலைக் காற்று சேலையைப் பறித்தது. கோயம்புத்தூரில் படிக்கிற உமா மகேஸ்வரிக்கு வீடியோ கால் போட்டாள்.

"அம்மா! படி ஏறியா போன?"

"அறுநூத்திச் சொச்சம். எண்ணிக்கிட்டே வந்தேன்."

"மூச்சு?"

"பேசுதேனே, கேக்கலியா?"

"அப்பா எங்க?"

குழல்வாய்மொழி போனைத் திருப்பிக் காட்டினாள். முப்பது படிக்குக் கீழே, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு மகாதேவன் உட்கார்ந்திருந்தான். போனைப் பார்த்ததும் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினான்.

"ஏட்டி," என்று கீழேயிருந்து கத்தினான், "அந்த மருந்து எனக்கும் ஒரு இழுப்புத் தருவியா?"

"உங்களுக்கு அது ஆவாது. வயித்தக் குறைங்க!" என்று அவள் மேலேயிருந்து ஒரே மூச்சில் கத்தினாள். படியில் ஏறிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். போனில் உமா மகேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். குழல்வாய்மொழி தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவனிருந்த இடத்துக்கு முப்பது படியும் இறங்கிப் போனாள்.